ஊசி பிடித்த கையும் காசு பிடித்த கையும்

போர்வைப் போட்டியின் வரலாறு ஆட்டில் தொடங்குகிறது. 1807இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில், எல்கனா வாட்சன் என்ற கனவான் தான் வாங்கிவந்த இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ச் சதுக்கத்து எல்ம் மரத்தடியில் காட்சிக்கு வைத்தார். ஊரே திரண்டுவந்து பார்த்தது. இரண்டு ஆட்டுக்கே இத்தனை கூட்டமா என்று அவருக்குப் பொறி தட்டியது. சில ஆண்டுகளில் வேளாண் சங்கம் வந்தது, ஆண்டுதோறும் கண்காட்சி வந்தது, கொழுத்த காளைக்கும் பன்றிக்கும் பரிசு வந்தது. அமெரிக்கக் கிராமச் சந்தைக் கண்காட்சிகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் இவர்தான்.

காளைக்காரர்கள் பரிசு வாங்குவதை வேலிக்கு வெளியே நின்று பெண்கள் எத்தனை நாள் பார்ப்பார்கள்? வாட்சன் அதையும் யோசித்தார். வீட்டில் நூற்று நெய்த துணிகளுக்குத் தனிப் பரிசுகள் அறிவித்தார். துணிகள் வந்தன, துணிக்காரிகள் வரவில்லை. நாலு பேர் பார்க்க மண்டபத்துக்குள் நுழைந்து பரிசு வாங்குவது குடும்பப் பெண்ணுக்கு அழகா என்று வீட்டிலேயே தயங்கி நின்றார்கள். வாட்சன் தன் மனைவியை மண்டபத்தில் உட்காரவைத்து, ‘திருமதி வாட்சன் உங்களுக்காகக் காத்திருக்கிறார்’ என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். சீக்கிரமே மண்டபம் நிறைந்தது. ஒரு பெண் முன்னால் வர இன்னொரு பெண் போதும், அதற்கு ஆடு தேவையில்லை என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அங்கிருந்து குயில்ட் பந்தயத்துக்கு வந்துசேர வெகுநாள் ஆகவில்லை. நம்மூர்க்காரர்களுக்காக ஒரு வரி: மேலே வண்ணத் துணித்துண்டுகளை உருவம் உருவமாக வெட்டி இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி, மூன்றையும் ஊடுருவிப் பொடிப்பொடியாய் ஓடும் ஓட்டுத்தையல். பாட்டியின் பழைய புடவையில் பிறந்த நம் வீட்டுப் போர்வைக்குத் தூரத்து உறவு. ஆனால் நம் பாட்டிக்கு அதை வரிசையில் தொங்கவிட்டு நடுவரிடம் மதிப்பெண் வாங்கும் யோசனை வரவில்லை. அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

1886இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் ஒரு குயில்ட் தொங்கியது. அடிமையாகப் பிறந்து விடுதலை கண்ட ஹேரியட் பவர்ஸ் தைத்தது. ஆதாம் ஏவாள் முதல் இயேசுவின் கடைசி இரவு உணவு வரை, பைபிள் கதைகளைத் துணிப்படமாக வெட்டி வைத்துத் தைத்திருந்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பார்த்துச் சொக்கிப்போய் விலை கேட்டார். எந்த விலைக்கும் இல்லை என்றார் பவர்ஸ். சில ஆண்டுகளில் காலம் கெட்டது. பவர்ஸே போர்வையைச் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். கேட்டது 10 டாலர், கிடைத்தது 5. கணவர்தான் வாங்கிக்கொள் என்றாராம். படம் படமாக விளக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர், பிறகும் பல முறை வந்து தன் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் போர்வையில் முப்பது வெள்ளிக் காசோடு யூதாசுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஐந்து டாலருக்குத் தனியாகக் கட்டம் போட அவருக்கு நேரமில்லை. போர்வை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த ஸ்மித் வேறு அந்த ஸ்மித்சன் வேறு.

இதெல்லாம் முன்கதை. பெருங்கூத்து நடந்தது 1933இல்.

சியர்ஸ் ரோபக் என்ற கம்பெனி தபாலில் பட்டியல் அனுப்பி, ஊசி முதல் முழு வீடு வரை விற்றது. வீடு என்றால் விளையாட்டில்லை. பலகை, ஆணி, கதவு எல்லாம் ரயிலில் வந்து இறங்கும், வாங்கியவர் கோத்துக்கொள்ள வேண்டும். பழைய பட்டியல் புத்தகம் கொல்லைப்புறக் கழிவறையில் ஆணியில் தொங்கி மறுபிறவி எடுக்கும். நாட்டின் நாடியை இதைவிட நெருக்கமாகப் பிடித்த நிறுவனம் வேறில்லை.

அப்போது பொருளாதாரப் பெருமந்தம். மார்ச்சில் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்ற கையோடு நாட்டின் எல்லா வங்கிகளையும் சில நாள் இழுத்துப் பூட்டினார். சிகாகோவிலோ ‘முன்னேற்றத்தின் நூற்றாண்டு’ என்று பெயர் சூட்டி உலகக் கண்காட்சிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பசித்த வயிற்றுக்கு முன்னேற்றத்தைப் பரிமாறுவது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய கலை அல்ல, நமக்கும் கைவந்ததுதான். ‘அறிவியல் கண்டுபிடிக்கும், தொழில் பயன்படுத்தும், மனிதன் இணங்கிப்போவான்’ என்பது கண்காட்சியின் முழக்கம். மனிதனை எங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் பாருங்கள். சுவாதி நட்சத்திரத்திலிருந்து 40 ஆண்டுக்கு முன்பு புறப்பட்டதாக நம்பிய ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, அதைக்கொண்டு கண்காட்சி விளக்குகளை ஏற்றினார்கள். 40 ஆண்டு என்பது, 1893இல் அதே சிகாகோவில் நடந்த முந்தைய உலகக் கண்காட்சியை வைத்துப் போட்ட கணக்கு. நம் விவேகானந்தர் சகோதர சகோதரிகளே என்று தொடங்கிக் கைதட்டல் வாங்கிய வருடம்.

இந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் சியர்ஸ் நாடு தழுவிய குயில்ட் போட்டி அறிவித்தது. மொத்தப் பரிசு 7,500 டாலர், முதல் பரிசு 1,000. அன்றைக்கு அந்தக் காசில் ஒரு புது ஃபோர்டு கார் வாங்கிவிட்டு மிச்சத்தில் வெகுநாள் பெட்ரோலும் போடலாம். வென்ற போர்வை முன்னேற்றத்தின் நூற்றாண்டைச் சித்திரித்தால் இன்னும் 200 சேர்த்து. ஜனவரியில் அறிவிப்பு, மே 15 கடைசி நாள். இடையில் நாலு மாதம். விதி ஒன்று முக்கியம்: போர்வை, அனுப்புபவரின் சொந்தக் கைவேலையாக இருக்க வேண்டும்.

ஏறக்குறைய 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. அமெரிக்காவில் அந்த வசந்தத்தில் எத்தனை வீட்டில் இரவுச் சோறு தீய்ந்தது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. உள்ளூர்க் கடையில் ஜெயித்தது வட்டாரத்துக்குப் போனது, பத்து வட்டாரங்களிலிருந்து மும்மூன்று சிகாகோவுக்குப் போயின. 200 டாலர் உபரியை நம்பி ஏராளமான பெண்கள் கண் கெடத் தைத்தார்கள். வானளாவும் கட்டடம், ரயில், விமானம், சிகாகோவின் பழைய கோட்டை, எல்லாம் துணியில் எழும்பின. நடுவர்களாக இருந்தவர்களில் ஒருவர் குட் ஹவுஸ்கீப்பிங் பத்திரிகையின் தையல்கலை ஆசிரியர் ஆன் ஆர், இன்னொருவர் சிகாகோ கலைக்கழகத்தின் இயக்குநர் ராபர்ட் ஹார்ஷ். அவர்கள் முன்னேற்றத்தை ஏற இறங்கப் பார்த்தார்கள். ‘நல்லது, அந்த நட்சத்திரப் போர்வையை எடுங்கள்’ என்ற தோரணையில் முடிவைச் சொன்னார்கள். உபரி 200 டாலர் கம்பெனியிடமே பத்திரமாகத் தங்கியது. வானளாவும் கட்டடத்தை ஜன்னல் ஜன்னலாகத் தைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

வென்ற போர்வையின் பெயர் ‘பெயர் தெரியாத நட்சத்திரம்’. எட்டு முனை நட்சத்திரத்தின் ஓரமெல்லாம் இறகு விளிம்பு போலப் பொடி முக்கோணங்கள், வெற்றிடத்தில் பஞ்சு திணித்துப் புடைக்கவைத்த வேலைப்பாடு, அதன்மேல் கண்ணுக்கே எட்டாத நுண்தையல். அதே கண்காட்சியில் சாலி ராண்ட் என்ற நடனக்காரி இரண்டு பெரிய நெருப்புக்கோழி இறகு விசிறிகளை மட்டும் உடுத்தி ஆடி, திரும்பத் திரும்பக் கைதாகிக்கொண்டிருந்தார். 1933 சிகாகோவில் புகழ்பெற்ற இறகு வேலை இரண்டும் இவைதாம். ஒன்றைப் பார்க்க மனைவியும் மற்றொன்றைப் பார்க்கக் கணவனும் தனித்தனியே வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது என் துணிபு.

பரிசு பெற்றவர் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன். சகோதரிகளோடு அன்பளிப்புப் பொருள் கடை நடத்தியவர். அந்தப் போர்வையில் அவர் போட்ட தையல்களை எண்ணிச் சொல்ல ஒரு விரல்கூடத் தேவைப்படாது. ஒரு தையலும் போடவில்லை.

துண்டுகளை இணைத்து மேல்துணி தைத்தவர் ஐடா ரோரர். அதன்மேல் நுண்தையல் ஓட்டியவர்கள் மேட்டி பிளாக்கும் வேறு சில பெண்களும். கடைக்காகக் கூலிக்குத் தைக்கும் கென்டக்கிப் பெண்கள். கேடன் அம்மையார் செய்தது வேலையைப் பிரித்துக் கொடுத்தது, கூலி கொடுத்தது, படிவத்தில் தன் பெயரை எழுதியது. நாலு மாதத்தில் அப்படியொரு போர்வையை ஒற்றை ஆள் முடிப்பது எப்படி என்று நடுவர்களில் யாராவது விரல் விட்டு எண்ணியிருந்தால் கதை கிழிந்திருக்கும். அவர்கள் எண்ணியது தையலை மட்டும்.

1,000 டாலர் முழுவதும் அம்மையாரிடமே தங்கியது. தைத்த பெண்களுக்கு அதில் பங்கு இல்லை, கிடைத்தது பழைய கூலி. அவர்களுக்கு விஷயம் தெரியும், ஆனாலும் வாய் திறக்கவில்லை. மந்த காலத்தில் தையல் கூலிதான் அடுப்பில் பூனை தூங்காமல் பார்த்துக்கொண்டது. நியாயம் கேட்டால் அடுத்த வேலை அடுத்த ஊருக்குப் போகும். எனக்கு இதில் அம்மையாரைவிடச் சிரிப்பு வருவது அந்த விதியைப் பார்த்துத்தான். ‘சொந்தக் கைவேலை’ என்று எழுதியது எது? எவரோ எங்கோ செய்த சாமானில் தன் பெயரை ஒட்டி நாடெங்கும் விற்றே வளர்ந்த கம்பெனி. கேடன் செய்தது பாவம் என்றால் அது கம்பெனியின் தினசரி வியாபாரம். அவர் செய்தது சின்ன அளவில், அவ்வளவுதான்.

வென்ற போர்வையை ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசளித்தார்கள். தொழிலாளர் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்த அம்மணியின் கையில், பங்கு கிடைக்காத தொழிலாளிகளின் உழைப்பை மடித்து வைத்துக் கொடுத்த காட்சியை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு போர்வை காணாமல் போனது. எங்கே இருக்கிறது என்று இன்றுவரை துப்பு இல்லை. வெள்ளை மாளிகையில் யார் யாரோ போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கலாம், யாரோ நாய்க்கு விரித்திருக்கலாம். மெரிகே வால்ட்வோகலும் பார்பரா பிராக்மனும் அந்தப் போட்டியைத் தேடித் துருவி 1993இல் புத்தகம் எழுதினார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகாவது தைத்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது.

கென்டக்கியை இந்தக் கதை விடுவதாயில்லை. அதே மாநிலத்துப் படூக்கா ஊரில் அமெரிக்கக் குயில்ட் தைப்போர் சங்கம் 1985 முதல் பெருங்கண்காட்சி நடத்துகிறது. 1989இல் அங்கே காரில் பிரையர் ஃபாலர்ட் செய்த சூரிய கிரகணப் போர்வை முதலிடம் பெற்றது. நுண்தையலும் இயந்திரத்தில் போட்டது, அப்படியொன்று முதலிடம் வருவது அதுவே முதல் முறை. கைத்தையல்காரர்கள் கொதித்துப்போனார்கள். இயந்திரம் தைத்தால் அது தையலா, தர்மம் எங்கே போகிறது என்று புகைச்சல். ஃபாலர்ட்டாவது தன் கையால் இயந்திரத்தை ஓட்டினார். ஆள் வைத்துத் தைத்து வென்ற மாநிலத்தில் இயந்திரம் வைத்துத் தைத்ததற்கு இத்தனை கூச்சல்.

இப்போது பல ஊர்ச் சங்கங்களின் கண்காட்சிகளில் சட்டதிட்டம் கறார். பின்பக்கம் மேலே கழி நுழையத் துணிக்குழாய் தைத்திருக்க வேண்டும். பெயர்ச்சீட்டை நடுவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்க வேண்டும். வெள்ளைக் கையுறை மாட்டிய தொண்டர்கள் மட்டுமே விளிம்பைத் தூக்கிக் காட்டுவார்கள், நீங்கள் விரலை நீட்டினால் முறைப்பார்கள். படிவத்தில் துண்டு இணைத்தவர் யார், நுண்தையல் போட்டவர் யார் என்று தனித்தனியே கேட்கிறார்கள். இருவர் சேர்ந்து செய்ததற்குத் தனிப் பிரிவே உண்டு. தானே மேல்துணி தைத்துக் கொடுத்து, மீதியைக் கூலிக்கு ஆள் வைத்து முடிப்பவரைக் ‘காசோலையால் தைப்பவர்’ என்று சக தையல்காரிகளே கேலி செய்வதும் உண்டு.

கேடன் அம்மையார் இன்றைக்கு அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், துண்டு இணைத்தவர் கட்டத்துக்கு ஐடா ரோரர் வந்து நிற்பார். நுண்தையல் கட்டத்தில் மேட்டி பிளாக்கும் தோழிகளும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவார்கள், இருவர் பிரிவு போதாமல் கூட்டுப் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அம்மையாருக்கு மிஞ்சுவது நுழைவுக் கட்டணம் கட்டியவர் என்ற வரி. அதற்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.