எல்லாம் ஒரே மாடல்தானே?

ஒரே இமேஜ், ஒரே சர்வர், லேப் முழுக்க விண்டோஸ் ஏறிவிடும் என்பது கொட்டேஷனில் இருக்கும் வாசகம். நடப்பதைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பிஎக்ஸ்இ முறையில் நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும். சில நூறு எம்பி பூட் இமேஜை அதே கேபிளில் இழுத்துக்கொள்ளும். அதிலுள்ள விண்டோஸ் பிஇ என்ற குட்டி விண்டோஸ் எழுந்ததும், "நெட்வொர்க்கா? இங்கே அப்படி யாரும் இல்லையே" என்று கைவிரிக்கும். ஐபிகான்ஃபிக் அடித்தால் தலைப்பு மட்டும் வரும். சுவிட்சில் பச்சை விளக்கு மட்டும் சளைக்காமல் மினுக்கும்.

முதல் பாதியை ஓட்டியது நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேர். அதன் பிறகு விண்டோஸ் பிஇக்குத் தனி டிரைவர் வேண்டும். பழைய பூட் இமேஜுக்குப் புது சிப்பைத் தெரியாது.

"எல்லாம் ஒரே மாடல்தானே சார்?" என்பார் மேனேஜர். ஸ்டிக்கரில் ஒன்றுதான். உள்ளே சிப் லாட்டுக்கு லாட் மாறியிருக்கும். ஹார்டுவேர் ஐடியைப் பார்த்து, பொருந்தும் டிரைவரின் ஐஎன்எஃப் ஃபைலைத் தேடி, டிஸம் கட்டளையால் பூட் இமேஜுக்குள் செருகவேண்டும். செருகிய இமேஜை சர்வரில் மாற்றாமல் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.

மெலிந்த லேப்டாப் என்றால் லேன் போர்ட்டே கிடையாது. ஆபீஸில் இருக்கும் ஒரே யூஎஸ்பி அடாப்டரைக் கழற்றி அடுத்ததில் மாட்டினால், சில சர்வர்கள் அதே மேக் முகவரியைப் பார்த்து, ஒரே ரேஷன் கார்டுக்கு இரண்டாவது முறை சர்க்கரை கேட்டதுபோல முறைக்கும்.

"வைஃபையில போட்டா என்ன?" என்பது மேனேஜரின் அடுத்த யோசனை. அது அவ்வளவு சுலபமில்லை சார். அதற்கும் டிரைவர் வேண்டும்.