வாழ்க்கைக்கு ஓர் இலை வண்ண அட்டை

பயிரில் கோளாறு என்றால் தஞ்சாவூர்க்காரனுக்கு வரப்பில் நடக்கும்போதே தெரிந்துவிடும். நடுக்குருத்து மட்டும் வாடி நிற்கும். குனிந்து இரண்டு விரலால் பிடித்து இழுப்பான். வேரோடு மல்லுக்கட்டாமல் குருத்து தானாகக் கையோடு வரும், அடி அழுகியிருக்கும். "தண்டுத் துளைப்பான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவான். இதே ஆள் தன் குருத்து காய்ந்து பத்து வருஷம் ஆனாலும், "நமக்கென்ன குறைச்சல்" என்று சீவலை அதக்கிக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவர்களுக்குத்தான், என்னையும் சேர்த்து, இந்த வழிகாட்டி.

முதல் அறிகுறி நாள்காட்டியில் இருக்கிறது. டெல்டாவில் வருஷம் ஜனவரியிலும் பிறக்காது, சித்திரையிலும் பிறக்காது. மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-ல்தான் பிறக்கும். கடன் வாங்குவது, நகையை மீட்பது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது எல்லாம் அங்கிருந்து எண்ணித்தான். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஒரு தடவைகூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. அந்த எட்டு வருஷமும் மே மாதம் கோடை உழவு ஓட்டி, விதைநெல் மூட்டையைத் திண்ணையில் இறக்கிவிட்டுக் காத்திருந்தவர்கள், வராத மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை போட்டவர்கள். நானும் போட்டேன். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து இலை நறுக்கவில்லை. 2023-ல் சொன்னபடி ஜூன் 12 அன்றே தண்ணீர் புறப்பட்டது, ஆனால் பாதியிலேயே, அக்டோபர் 10-ல், அணையை மூடிவிட்டார்கள். தேதி மட்டும் சரியாக இருந்தது.

சுயபரிசோதனை ஒன்று. மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று கேட்டால் புள்ளி வைத்துச் சொல்கிறீர்களா? உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்றால், "அதெல்லாம் நார்மலாத்தான் இருக்கும்" என்கிறீர்களா? இத்தனைக்கும் இரண்டுக்கும் கணக்கு 120தான். அணை அதைத் தொட்டால் நல்லது, நீங்கள் அதைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. (பேராவூரணி, தலைஞாயிறு பக்கத்து வாசகர்கள் கவனிக்க: கடைமடை என்பதால் அறிகுறியும் உங்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் பிந்தித்தான் வந்து சேரும்.)

இரண்டாவது அறிகுறி, வீட்டில் இருக்கிற தார்ப்பாய்களின் எண்ணிக்கை. நாலுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அறுவடை நேரத்து மழையைப் பார்த்து எப்போதாவது தளர்த்துவார்கள். நம் ஆட்களுக்கு மீட்டர் தேவையில்லை. ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பார்கள், கடுக்கென்று உடைந்தால் தேறும், நசுங்கினால் தேறாது. ஒரு தை மாதம், ஒரு கொள்முதல் நிலைய வாசலில், என் நெல் அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஐந்து ராத்திரி படுத்திருந்தேன். பகலில் காயவைப்பேன், ராத்திரிப் பனி அதை ஊறவைக்கும். ஐந்தாம் நாள் சோறு கொண்டுவந்த மனைவி கேட்டாள்:

"என்னங்க, வீட்டுக்கு எப்ப வர்றதா உத்தேசம்?"

"இன்னும் பதினெட்டு காட்டுதும்மா."

"நான் நெல்லைக் கேக்கல."

அந்தப் பதிலின் அறிகுறித்தன்மை எனக்கு உறைக்க இரண்டு போகம் ஆனது.

சரி, அறிகுறி தெரிந்துவிட்டது, மாறுவது எப்படி? இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஒரு வழி காட்டினார். திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காட்டுக்காரர். 1963-ல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி நிலத்து ஏழை விவசாயிக்குக் கட்டுபடியாகாத உரத்தையும் பூச்சிமருந்தையும் வைத்துப் பரிசோதனை செய்வதில் பொருளில்லை என்று கண்டார், 1969-ல் வேலையை விட்டார். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் இந்த வழிகாட்டி இந்த முறையைச் சிபாரிசு செய்யாது. நம் பக்கம் கவர்ன்மென்ட் வேலையை விட்டவனுக்கு நிச்சயித்த பெண்ணே கைநழுவிப் போகும்.

பயந்த சுபாவக்காரர்களுக்கு உளுந்து முறை இருக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தை உள்ளே தெளித்துவிடுவோம். நெல் தலை சாய்ந்து நிற்க, அதன் காலடியில் இரண்டு இலை விட்டுக்கொண்டு உளுந்து எட்டிப் பார்க்கும். அறுத்த பிறகு மிச்ச ஈரமும் பனியும்தான் அதற்குச் சோறு. ஒரு நாள் பிந்தித் தெளித்தாலும் மண் இறுகிவிடும். (இப்போது அறுவடை இயந்திரத்தின் செயின் அதன்மேல் ஏறி நசுக்கிவிடுகிறது. சின்ன மாற்றங்களுக்குப் பெரிய வண்டிகள் ஆவதில்லை.) என் பக்கத்து வயல்காரர் இப்படித்தான், மற்றதெல்லாம் பழையபடி இருக்க, அரை ஏக்கரில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா போட்டார். ஊர் சிரித்தது. பயிர் ஆள் உயரம் வளர்ந்து சாய்ந்தது, இன்னும் சிரித்தது. அரிசியை அவர் விற்ற விலை தெரிந்த அன்று சிரிப்பை நிறுத்திவிட்டு விதை கேட்டுப் போனது.

எந்த முறையானாலும் முதலில் நோயைக் கணக்கிட வேண்டும். அதற்கு நெல்லுக்கென்று இலை வண்ண அட்டை இருக்கிறது. இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். நட்ட பதினாலாம் நாள் தொடங்கி வாரம் ஒரு தடவை, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில், வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, பத்துக் குத்தில் மேலே நன்கு விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால் யூரியா. கரும்பச்சை ஆகட்டும் என்று அள்ளிக் கொட்டினால் வரப்பில் போகிறவர்கள் எல்லாரும் மெச்சுவார்கள், பின்னாலேயே புகையான் வரும். கடன் வாங்கி ஆயிரம் பத்திரிகை அடித்த கல்யாணங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன்.

கடைசிவரை ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. வாழ்க்கைக்கு இது பொருந்தாது. நாமே பார்த்தால் என்றைக்கும் பச்சைதான். எனவே போன வாரம் ஒரு காலையில், எட்டரை மணிக்கு, அட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டு முற்றத்தில் நின்றேன். விதிகளை எடுத்துச் சொன்னேன். அட்டையை என் கன்னத்தருகே வைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீங்க வெள்ளைப் பொன்னியா, மத்த ரகமா?"

"மத்த ரகம்னே வச்சுக்க."

"அப்ப தேறாது" என்று அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.