மாத்திரைக்குப் பின்னும் நிற்கும் எடை: ஒரு சிறு சாத்திரம்

தர்க்கம் பேசிய நம் முன்னோர் எதிராளியின் கட்சியை முதலில் முழுதாகச் சொல்லவிட்டுப் பிறகே தம் கொள்கையை நிறுவினார்கள். முன்னதைப் பரபக்கம் என்பார்கள், பின்னதைச் சுபக்கம் என்பார்கள். சிவஞான சித்தியார் இந்த இரண்டு பகுதிகளால் ஆனது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டும் எடை குறையாத பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த முறைதான் பொருத்தமாகப் பட்டது. இந்த விவகாரத்தில் பரபக்கம் பேச கல்யாண மண்டபத்திலும் மருந்துக்கடை வாசலிலும் வீட்டுக் கூடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். சுபக்கம் பேசத்தான் ஆள் குறைவு.

சின்ன விவகாரமும் அல்ல. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் எடுத்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகச் சொன்னது. ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர். அவர்களில் பெண்களே அதிகம்.

இனி பரபக்கம். அதில் இரண்டு கட்சிகள். முதல் கட்சி அத்தைமாருடையது: “ஏம்மா, மாத்திரைதான் தினமும் போடுறியே, அப்புறமும் ஏன் இப்படி ஊதிக்கிட்டே போறே? வாயைக் கட்டுனாத்தானே?” மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, குறை அவளிடம்தான் என்பது இதன் சாரம். இரண்டாவது கட்சி அவளுக்கு அனுதாபமானது: “எல்லாம் தைராய்டு பண்ற வேலை. டாக்டர்கிட்ட சொல்லி ஐம்பதை நூறு பவரா ஏத்திக்கோ, தானா குறையும்.” ஒன்று அவளைக் குற்றவாளி ஆக்குகிறது, மற்றொன்று சுரப்பியைக் குற்றவாளி ஆக்குகிறது. ஆனால் இரண்டும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: தைராய்டு மாத்திரை எடை குறைக்கும் மாத்திரை என்பதில். அந்த அனுமானம் பிழை என்று காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

நோயின் கதையிலிருந்து தொடங்கலாம். 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் முகம் உப்பி, பேச்சு மந்தமாகி, தோல் தடித்துப்போன ஒரு நிலையை விவரித்தார். சில ஆண்டுகளுக்குள் வில்லியம் ஆர்ட் அந்த வீக்கத்தை ஆராய்ந்து, தோலுக்கடியில் வழுவழுப்பான ஒரு பொருள் தேங்கியிருப்பதாகச் சொன்னார். 1891இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் அதன்பின் 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்தக் காலம் முழுவதும் அவருக்கான மருந்துக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அதே வேலையை ஒரு சிறு புட்டி செய்கிறது. 100 மைக்ரோகிராம் மாத்திரை நூறு கொண்ட புட்டியில் உள்ள மருந்து மொத்தம் 10 மில்லிகிராம்தான்.

கல்லும் ஆர்ட்டும் கண்டது வீக்கம், கொழுப்பு அல்ல. நம் வாதத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. தைராய்டுச் சுரப்பியின் ஹார்மோனான தைராக்சின் குறையும்போது தோலிலும் திசுக்களிலும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சேர்மங்கள் சேர்கின்றன, உப்பும் நீரும் தங்குகின்றன. விரலால் அழுத்தினால் குழி விழாத வீக்கம் அது. 2011இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் உடல் அமைப்பை அளந்து பார்த்தார்கள். எடை குறைந்தது உண்மை. குறைந்தது பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பின் அளவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தைராய்டு குறைவு தன் பங்குக்கு ஏற்றும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோதான் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. பதினைந்து கிலோ கூடிய ஒருத்திக்கு மாத்திரை மூன்று நான்கு கிலோவைக் குறைத்துவிட்டு நின்றால், அது தோற்கவில்லை. தனக்குரிய கணக்கை முடித்துவிட்டது.

அப்படியானால் மீதிப் பதினொன்று பன்னிரண்டு கிலோ சோம்பலால் வந்ததா? இல்லை, அத்தைமார் கட்சி இங்கேதான் பெரும் அநியாயம் செய்கிறது. உடலின் அடிப்படை எரிதலைத் தைராய்டுதான் நடத்துகிறது என்பதை மருத்துவர் மாக்னஸ்-லெவி 1895இலேயே மூச்சுக் காற்றை அளந்து காட்டினார். எரிதல் குறைந்த உடம்பு குளிரும். சித்திரை வெயிலில் அவள் போர்த்திக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்வாள், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். கை கால் அசந்துபோகும், தசை வலிக்கும், மாடிப்படி மலையாகும். இரத்தப் பரிசோதனைக்கு யாரும் எழுதித் தருவதற்கு முன் இப்படி ஆண்டுக்கணக்கில் போனவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் நடை குறைந்தது, தசை குறைந்தது, கொழுப்பு சேர்ந்தது. பல பெண்களுக்கு இது பிரசவத்துக்குப் பின்னோ மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டியோ வருவதால் அந்தக் காரணங்களும் கூடுகின்றன. டி.எஸ்.எச். (தைராய்டு குறையும்போது இரத்தத்தில் ஏறும் தூண்டு ஹார்மோன்) சரியான நாளில் இவையெல்லாம் தாமாகக் கலைந்துபோவதில்லை. வெள்ளத்தை நிறுத்த மடையை அடைக்கலாம், ஏற்கெனவே வயலில் படிந்த மணலை அடைத்த மடை அள்ளிப் போடாது.

ஆனாலும் மடை உண்மையிலேயே அடைபட்டதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். மாத்திரை வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாமல் போவது நம் வீடுகளில் சாதாரணம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து எல்லோருக்கும் காபி கலக்குகிறவள் அந்த ஒரு மணி நேரத்தை யாரிடம் கேட்டு வாங்குவாள்? காபி மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், ஆனால் மூன்றையும் ஒரே கையில் வைத்து விழுங்குபவர்களே அதிகம். காலையில் முடியாதவர்கள் மருத்துவரைக் கேட்டு இரவு படுக்கும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில் இரவில் போட்டவர்களின் டி.எஸ்.எச். இன்னும் நன்றாக இறங்கியது. அந்த ஆய்விலும் எடையில் மாற்றமில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தைராய்டைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. அயோடின் உப்பு புழங்கும் வீட்டில், வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் போதும். எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பவரை ஏற்றும் கட்சிக்குத்தான் கடுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது புதிய யோசனை அல்ல. மர்ரேயின் ஊசிக்குச் சில ஆண்டுகளிலேயே, சுரப்பி நன்றாக வேலை செய்த பருமனானவர்களுக்கும் தைராய்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். தேவைக்கு மேல் போன தைராக்சின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை அரிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டுமே பெரிய ஆபத்து. குறைகிற எடையிலும் தசை சேர்ந்தே கரையும். இந்த மருந்தை எடை குறைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரிக்கை எழுத வைத்திருக்கிறது. மருந்தின் அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரியின் பவரைப் பார்த்து வாராவாரம் ஏற்றி இறக்குவது உடம்போடு விளையாடுவது.

ஆகவே என் துணிபு இது. தைராய்டு குறைவும் உடல் பருமனும் ஒரே பெண்ணிடம் இருக்கும் இரண்டு நோய்கள். இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் வேண்டும், இரண்டும் ஒரே அளவு மரியாதைக்கு உரியவை. முதல் நாள் மாத்திரை எழுதித் தரும்போதே, “இதனால் நீர் எடை கொஞ்சம் இறங்கும், மீதிக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் சேர்ந்து பார்ப்போம்” என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அவள் எடை இயந்திரத்தின் முன் நின்று தன்னையே வைதுகொள்ளும் காலை நேரங்கள் குறையும். அந்த வேறு வழியில் தட்டின் கணக்கு வரும்: சோற்றைக் குறைத்துப் பருப்பும் முட்டையும் மீனும் கூட்டுவது. இழந்த தசையைத் திரும்பக் கட்டும் பளு பயிற்சி வரும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க மூச்சுத்தடைப் பரிசோதனை வரும். சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

சிலருக்கு எடை குறைக்கும் புதிய மருந்துகளும் உதவலாம். அவற்றில் செமாகுளுடைடு மாத்திரையைத் தைராக்சினோடு சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் தைராக்சின் 33 சதவீதம் கூடியது. அதனால் டி.எஸ்.எச்.சை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சுரப்பி பெரும்பாலும் செயலற்றுப்போனவர்களுக்கு முழு அளவைக் கணக்கிடுவதே உடல் எடையை வைத்துத்தான், கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். ஆகவே கொழுப்பு உண்மையாகக் கரைந்து பத்துப் பதினைந்து கிலோ இறங்கிய பெண்ணுக்கு மருத்துவர் நூறிலிருந்து எண்பத்தெட்டுக்கோ எழுபத்தைந்துக்கோ பவரைக் குறைத்து எழுத வேண்டி வரலாம்.