ஓசையில்லாத வகுப்பறை

நீலகிரியில் கூடலூருக்கும் முதுமலைக்கும் நடுவே ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. அதைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று வெகுநாளாக மனதில் வைத்திருந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நான் கண்டதெல்லாம் அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் உண்டு.

முதலில் அதன் பதிவேடுகள். வருகை, சேர்க்கை, மேலாண்மைக் குழுத் தீர்மானம், பார்வையாளர் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, முதுகில் வெள்ளைத்தாள் ஒட்டி, பெயர் எழுதி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் விடுபட்டதில்லை, ஒரு கட்டம் காலியாக இல்லை. ஜூன் மாதத்தில் காட்டுநாயக்கர் என்ற பழங்குடியினரின் வீடுகளில் தேன் பருவம் முழுதாக முடிந்திருக்காது. குடும்பமே காட்டுக்குள் இருக்கும். அந்த நாட்களிலும் பதிவேடு தளரவில்லை. வராத பிள்ளைக்கு நேரே வராத குறி, வரிசை பிசகாமல் நிற்கிறது. ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை. இடமில்லாத ஒன்றை எழுதி அந்தப் பக்கங்களை யாரும் அழுக்காக்கவும் இல்லை.

அடுத்தது அந்த அமைதி. ஒன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள், காட்டுநாயக்கரும் இன்னொரு பழங்குடியான பணியரும். ஊரில் ஆறு வயதுப் பிள்ளைகள் பதினோரு பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இங்கே கூரையில் மழை விழும் சத்தம்தான் கேட்டது. “தங்கமான பிள்ளைங்க சார், வாயே திறக்க மாட்டாங்க” என்றார் டீச்சர். அவர் குரலில் பெருமை இருந்தது. அன்று மாலை அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். அதே பதினோரு பேரில் ஒருவன் கேளையாடு மாதிரிக் கத்திக் காட்டினான்; இன்னொருத்தி அவனைத் திருத்தினாள்; மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னிடம் ஏதோ விளக்கினார்கள். இத்தனை பேச்சையும் காலையில் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு மாலையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்தால் முடிகிறது.

பாடம் நடத்துவதையும் சொல்ல வேண்டும். சுவரில் படத்தாள். ‘தே’ என்ற எழுத்து, பக்கத்தில் தேன்கூடு. டீச்சர் படத்தைத் தொட்டுக் கேட்டதும் ஒரு சிறுவன் “ஜேனு” என்றான். அன்று காலை அந்த அறையில் எழுந்த முதல் குரல் அது. “ஜேனு இல்லப்பா, தேன். சொல்லு, தேன்.” சொன்னான். அவன் இனத்தாரான காட்டுநாயக்கருக்கு ஜேனு குறும்பர் என்றே ஒரு பெயர் உண்டு; தேன் எடுப்பதால் வந்த பெயர். அவன் தாத்தா மரத்தின் மேலிருந்து கூவும் சொல் தப்பு என்பதை ஒரே நிமிடத்தில், அடியில்லாமல், அதட்டல்கூட இல்லாமல், அன்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் அவன் வாய் திறக்கவில்லை. இவ்வளவு விரைவாக மனதில் பதிந்த பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டீச்சர் நல்லவர், இதை நெஞ்சாரச் சொல்கிறேன். சமவெளியிலிருந்து வந்தவர். அட்டைக்கடியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். பணியர் பேசுவது மலையாளத்துக்கு நெருக்கம், காட்டுநாயக்கர் பேச்சில் கன்னடச் சாயல். இரண்டையும் இவருக்கு யாரும் கற்றுக் கொடுத்து அனுப்பவில்லை. பயிற்சி உண்டு, பயிற்சிக்குச் சான்றிதழும் உண்டு. அந்த மொழிக் குறையை நிரப்புகிறவள் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். கீழ் வகுப்பில் யாராவது அழுதால் அவளைக் கூப்பிடுகிறார்கள். வயிற்று வலியா, பயமா, அம்மா வேலைக்குப் போய்விட்டாளா என்று கேட்டு டீச்சருக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தன் கணக்குக்குத் திரும்புகிறாள். பத்து வயதில் ஒரு கல்வித் துறையின் மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறாள். அவளை எப்படிப் புகழாமல் இருப்பது?

சட்டத்தையும் புகழ வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்யவேண்டும் என்று 1956இலேயே அரசியலமைப்பில் 350அ பிரிவு சேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தாய்மொழியைச் சொல்கிறது, ‘இயன்றவரை’ என்ற சொல்லோடு. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்குகின்றன! ஒடிசாவில் 2007இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளைத் தொடங்கினார்கள். அங்கே இயன்றிருக்கிறது. இந்தப் பள்ளியின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். துடைத்துச் சுத்தமாக இருந்தது. பணியர் மொழிப் புத்தகம் ஒன்றுமில்லை, காட்டுநாயக்கர் மொழிப் புத்தகம் ஒன்றுமில்லை.

காலை உணவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இரண்டு மனம் இல்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து பசியோடு யாரும் வகுப்பில் உட்காருவதில்லை. வயிறு எங்கே இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்ட அரசு அது. வயிற்றுக்கு மேலே வாய் இருக்கிறது.

தெப்பக்காடு யானை முகாம் அந்தப் பள்ளியிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டு அரசு பெள்ளிக்கு முகாமிலேயே காவடி, அதாவது யானைப்பாகனுக்கு உதவியாளர், வேலை கொடுத்தது. பள்ளி அலுவலக அறையின் நோட்டீஸ் போர்டில் இருவர் படமும் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய கைக்கு வணக்கம். பக்கத்து அறையில் யானைப் பாடம் நடந்துகொண்டிருந்தது: யானை பெரியது, அதற்குத் தும்பிக்கை உண்டு, அது கரும்பு தின்னும். யானை எந்த மரத்துப் பட்டையை உரிக்கும், எந்தச் சாணம் நேற்றையது என்று சொல்லக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் அதைத் தலையாட்டிக் கேட்டார்கள். அவர்கள் மரியாதை பெரிது.

இனி பெற்றோர். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். இங்கே அதில் ஓர் ஆள் குறையவில்லை. கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் ஒரு தாய் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். சுற்றறிக்கையைச் சுற்றறிக்கைத் தமிழிலேயே வாசித்தார்கள். கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், வருகை விழுக்காடு. ஒன்றரை மணி நேரம் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசியில் கைநாட்டு வைத்தாள். ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். அந்தப் பொறுமையைப் புகழ என்னிடம் சொல் இல்லை. “இவங்க பேரண்ட்ஸ் ஒரு நாளும் கம்ப்ளெய்ண்ட் பண்ண மாட்டாங்க” என்று ஒருவர் என் காதருகே சொன்னார். உண்மைதான். வெளியே வரும்போது எந்த வழியாகப் போகலாம் என்றுகூட அவள் கண்ணால்தான் கேட்டாள்.

நான் அங்கிருந்த கடைசி நாளில் மழை. பேரனை அழைத்துப் போக ஒரு பாட்டி வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் வகுப்பு வாசலில் நின்றாள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். டீச்சர் என்ன நினைத்தாரோ, உள்ளே கூப்பிட்டுத் தன் நாற்காலியைக் கொடுத்தார். பாட்டி நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சுவரிலிருந்த தேன்கூட்டைப் பார்த்துச் சிரித்தாள், பேரனிடம் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். பக்கத்துப் பெண் மறுத்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் பதினோரு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள், மழைச் சத்தம் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் கூப்பிடாமலே ஓடி வந்தாள். டீச்சர் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, சாக்பீஸால் கரும்பலகையின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டே வந்தார். முதலில் எழுதியது ‘ஜேனு’.

கிளம்பும்போது பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு முன்னால் வந்த அதிகாரிகளின் பெயர், பதவி, தேதி, நேரம் எல்லாம் இருந்தன. பாட்டி வந்ததை எழுதவில்லை. வந்த நோக்கம் என்ற கட்டத்தில் எனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.