சாப்பாட்டு மேசையும் சதுர அடியும்: மும்பைத் தமிழர் இல்லங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: மாட்டுங்கா, செம்பூர், தாராவி. மூன்றிலும் தமிழர் உண்டு. தமிழர் உள்ள இடத்தில் ரசம் உண்டு. ரசமட்டம் பிசகினால் ரசம் மடியில். எனவே வீட்டிலேயே மேசை செய்வோர் ஆய்வின் துணையின்றி உளியைத் தொடலாகாது. இத்துறையில் மூன்று சம்பிரதாயங்கள் காணப்படுகின்றன.

1. மாட்டுங்கா சம்பிரதாயம்

1896 பிளேக்குக்குப் பின், 1898-இல் தோன்றிய இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்ட பேட்டை இது. பழைய வீடுகளில் அறை விசாலம், ஆகவே தேக்கு. எதிரெதிரே இரண்டு தலைவாழை இலை விரிய 36 அங்குல அகலம் வேண்டும். 30 என்றால் எல்லைத் தகராறு. தேக்குப் பலகை ஜூலை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், குளிர்காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதைச் சட்டத்தோடு இறுக ஒட்டுவது சாஸ்திர விரோதம். திருகுக்குத் துளையை நீளமாகப் போட்டால் பலகை நகர்ந்துகொள்ளும், இல்லையேல் வெடிக்கும்.

2. செம்பூர் சம்பிரதாயம்

19 மி.மீ. பிளைவுட், மேலே சன்மைக்கா. உப்பலும் சுருங்கலும் அற்பம். சிக்கல் மாடிப்படியில். எட்டுக்கு நாலடி ஷீட் படி வளைவில் திரும்பாது. செய்து முடித்த மேசையும் திரும்பாது. கடையிலேயே அறுத்து, துண்டுகளாக ஏற்றி, வீட்டில் பூட்டுவதே வழி. வீட்டு மேசைக் கலைக்குச் சுயசார்பே மூலகாரணம் என்மனார் சிலர். படி வளைவே காரணம் என்பது நம் துணிபு.

3. தாராவி சம்பிரதாயம்

நால்வர் மேசை நாலடிக்கு இரண்டரை. இருபுறமும் நாற்காலியை இழுத்து உட்கார மும்மூன்று அடி. ஆக 34 சதுர அடி. குடிசை மறுசீரமைப்புத் திட்டம் 1990-களில் வகுத்த 225 சதுர அடி வீட்டில் இது ஏழில் ஒரு பங்குக்கும் மேல். மேசையிடம் வாடகை வசூலித்தாலன்றிக் கட்டுப்படியாகாது.

தீர்வு, சுவரில் கீல் வைத்த மடக்கு மேசை. கீல் தரையிலிருந்து 30 அங்குலத்தில். பலகை 28 அங்குலத்தோடு நின்றால் தொங்கவிடும்போது தரையில் இடிக்காது. பலகை சுமார் 10 கிலோ. அதன்மேல் சாம்பார்ப் பாத்திரம், முழங்கை ஊன்றும் மாமா. பிளக் அடித்த திருகு செங்கல்லைப் பிடிக்க வேண்டும். பூச்சை மட்டும் பிடித்தால் முதல் விருந்திலேயே கழலும். ஒரு ஷீட்டில் மூன்று பலகை தேறும். மற்ற இரண்டை எதிர்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் தள்ளிவிட்டால் மிஸ்திரி கூலி மூன்றாகப் பிரியும்.

எதிர்வாதமும் மறுப்பும்

தரையில் உட்கார்ந்தால் மேசையே வேண்டாமே என்பர் பெரியோர். மறுப்பு: அவர்களேதான் எழுந்திருக்கக் கை கேட்கிறார்கள்.

முடிபு

மும்பையில் மேசையின் அளவைத் தீர்மானிப்பது, சாப்பிட்டு முடிந்ததும் அதே இடத்தில் பாய் விரிப்போர் எண்ணிக்கை. இரவு பத்து மணிக்கு மடங்காத மேசை, எந்த மரமாயினும், செல்லாது.