காய்ச்சல் யாருக்கு?

மலேசியாவின் ராசாவில் பிள்ளைக்குக் காய்ச்சலா இல்லையா என்பதைத் தெர்மாமீட்டர் முடிவு செய்வதில்லை. காலை ஆறு மணிக்கு 37.8 காட்டினால் அது போர்வைச் சூடு. 38.2 என்றால் தெர்மாமீட்டர் பழசு. ஒரு மூடி பனடோல் மருந்து, நெற்றியில் திருநீறு, பிள்ளை பள்ளிக்கு. அம்மா கோலாலம்பூர் கொம்யூட்டர் ரயிலுக்கு. மருந்தின் வேலை நாலைந்து மணி நேரம். ரெஹாட் இடைவேளை முடிந்ததும் ஆசிரியையின் போன் வரும்: “காலையிலயே சுட்டுச்சாம்மா?” “இல்லையே டீச்சர், நல்லாத்தானே விளையாடினான்!”

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஈராண்டு சர்வீஸ் ஆகாதவருக்கு வருடம் 14 நாள் மருத்துவ விடுப்பு, ஐந்தாண்டு ஆனவருக்கு 22. எல்லாம் தொழிலாளியின் சொந்த உடம்புக்கு. பிள்ளையின் மூக்கு ஒழுகினால் அம்மாவுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடையாது. அதனால்தான் கிளினிக்கில் பிள்ளை ஒரு முறை இருமினால் அம்மா இரண்டு முறை இருமுகிறாள்.

தோட்டக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. காலைப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டால் போதும். சளி எல்லாருக்கும் பொதுச் சொத்து.

இப்போது பாட்டி இருக்கிற வீடு தப்பித்தது. பாட்டிக்கு எம்.சி.யே கிடையாதே!