பின்பக்க லேபல்

1993இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் ஓஃப் லைசன்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, வைனைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டு: சிவப்பு, வெள்ளை. மிச்சத்தை முதலாளி அண்ணை ஒரே மூச்சில் சொல்லித் தந்தார்.

"லேபலிலை கோட்டைப் படம் இருந்தா பிரெஞ்சு. வாசிக்கேலாத வளைச்சல் எழுத்து இருந்தா ஜேர்மன். அதுக்கு மேலை ஆரும் கேட்டா, 'வெரி குட் இயர்' எண்டு சொல்லு."

அந்தப் படிப்பு பத்து வருடத்துக்குத் தாராளமாகப் போதுமாயிருந்தது. முன் லேபலில் பெயர், ஊர், 750 மில்லி, அல்ககோல் வீதம். போத்தலைத் திருப்பிப் பார்த்தவர் எவருமில்லை. எனக்கும் அது குறையாகப் படவில்லை. ஊரில் தவறணையில் பிளாவில் வார்த்த கள்ளுக்கு லேபல் ஏது? "ஆர் சீவினது?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னால் முடிந்தது.

2005 நவம்பரில் 'சல்பைட் அடங்கியது' என்ற வரி கட்டாயமாகிப் போத்தலின் பின்பக்கத்தில் ஏறியது. வாடிக்கையான ஒரு கிழவர் அதை விரலால் தொட்டுக் காட்டி, இதை எப்போதிருந்து கலக்கிறார்கள் என்று கேட்டார். வைன் பழுதாகாமலிருக்க அது நெடுங்காலமாகச் சேர்கிறது, எழுதுவதுதான் புதிது என்றேன். நம்பவில்லை. அடுத்த கிழமை பியருக்கு மாறிவிட்டார்.

பிறகு முட்டை வந்தது. கலங்கிய வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளையோ பாற்புரதமோ போடுவார்கள். அதன் மிச்சம் போத்தலில் இருந்தால் எழுதியே ஆகவேண்டும் என்று 2012இல் விதி வந்தது. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத மாமா ஒருவர், அதற்குள் என்னுடையதாகியிருந்த கடைக்கு வருவார். வைன் முந்திரிகைச் சாறுதானே, அது சைவம் என்பது அவர் கட்சி. ஒருநாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தார்.

"எட தம்பி, அப்ப இருபது வருசமா வெள்ளியிலை நான் முட்டையே குடிச்சனான்?"

முட்டையும் பாலும் எழுதாத போத்தலாகத் தேடிக் கொடுத்தேன். அதைத் தெளியவைத்தது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையாகவும் இருக்கலாம். அந்த மீன்பசைக்கு மட்டும் விதியில் விலக்கு உண்டு.

இதற்கிடையில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. இனி விதிகள் உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் தோதாக மாறும் என்றார்கள். மாறத்தான் செய்தன. 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில், பொங்கும் வைனின் கழுத்துக்குப் பளபளத் தாளும் காளான் வடிவத் தக்கையும் கட்டாயமில்லை. சேர்ச்சிலுக்குப் பிடித்த அளவு என்று 568 மில்லி பைன்ட் போத்தலுக்கும் வழி திறந்தார்கள். என் கடையில் இன்றுவரை ஒருவரும் பைன்ட் வைன் கேட்டதில்லை.

2025 பெப்ரவரியில் வந்ததுதான் கல்லாப்பெட்டிக்குக் கேட்டது. அதுவரை 11.5 முதல் 14.5 வீதம் வரையான வைனுக்கெல்லாம் ஒரே தீர்வை. அன்று முதல் வீதத்தின் ஒவ்வொரு தசமத்துக்கும் தனிக் கணக்கு. அந்த 2025இல் 12.5 வீதப் போத்தலுக்கு 2.77 பவுண், 14.5க்கு 3.21 பவுணாக இருந்தது. 1993இல் எவரும் ஏறிட்டும் பாராத அந்தச் சின்ன எண்ணை இப்போது அரசாங்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது.

உள்ளே என்ன கிடக்கிறது என்பதைப் பார்க்கத்தான் எவருக்கும் அவசரமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசெம்பர் 8 முதல் வைனின் சேர்மானங்களைக் காட்ட வேண்டும், கியூஆர் கோடு வழியாகவாவது. இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. என் கடையில் மலிவான பிஸ்கற் பைக்கற்றில் பத்து வரி சேர்மானம் இருக்கிறது. பக்கத்துத் தட்டில் நிற்கும் பத்துப் பவுண் வைனுக்குச் சல்பைட், முட்டை, பால் என்பதற்கு மேல் ஒரு வரியும் வேண்டியதில்லை.

நானும் வியாபாரிதான். தாளும் தக்கையும் போனதில் எனக்கு நட்டமில்லை. ஆனால் லேபலில் முதலில் திருத்த வேண்டியது அதுவல்ல.

மாமா இப்போதும் வருகிறார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முட்டையில்லாத போத்தலைத் தேடி எடுக்கிறார். மீனைப் பற்றிச் சட்டமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.